கழைக்கூத்தாடிக் குடும்பங்களும் நம் கலை வரலாறும்

நெல்லைச் சீமையின் நிகழ்த்துகலைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் முதலில் வந்து நிற்கும். அடுத்துத் தோற்பாவைக் கூத்து வரும், கரகம் வரும், ஒயிலாட்டம் வரும். இவற்றுக்கெல்லாம் ஆய்வேடுகள் உண்டு, கருத்தரங்குகள் உண்டு, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்று ஒரு துறையே உண்டு. கழைக்கூத்து மட்டும் இத்தகைய பட்டியல்களில் 'முதலியன' என்ற சொல்லுக்குச் சற்று முன்னே வந்து ஒதுங்கிக்கொள்கிறது. சில வேளை அந்த முதலியனவுக்குள்ளேயே அடங்கியும் விடுகிறது. இது தற்செயலாக நேர்ந்த விடுபடல் என்று நாங்கள் கருதவில்லை. கழைக்கூத்தை நாம் பிழைப்பாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தக் குடும்பங்கள் பசிக்காகவே ஆடின என்பது உண்மைதான். ஆனால் பசி மட்டும் ஒரு சிறுமிக்குக் கயிற்றின் மேல் நடக்கக் கற்றுக்கொடுத்துவிடாது. அதற்கு ஓர் ஆசான் வேண்டும், ஒரு முறை வேண்டும், அந்த முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஒரு குடும்பம் வேண்டும். அந்தக் குடும்பத்தின் வரலாற்றை நாம் ஏன் எழுதவில்லை என்பதே இங்கே எங்கள் கேள்வி.

சான்று இல்லாமையால் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. சங்க இலக்கியத்திலேயே இரண்டு சிறந்த சான்றுகள் இருக்கின்றன. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், பெரும்பதுமனார், பாலை வழியே உடன்போகும் காதலரைக் கண்டோர் கூற்றாக ஒரு காட்சியைத் தருகிறார். காற்றில் வாகை நெற்றுகள் கலகலக்கும் ஓசை, கயிற்றின் மேல் ஆடும் ஆரியர் கொட்டும் பறையின் ஒலியைப் போல இருக்கிறது என்பது அங்கே உவமை. உவமை என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாததை விளக்குவது. ஆகவே அந்தப் பறையொலி அன்றைய கேட்போருக்கு நன்கு பழகியிருக்க வேண்டும். நற்றிணையின் 95ஆம் பாட்டில் கோட்டம்பலவனார் இதைவிட நெருங்கிச் செல்கிறார். குழல் இசைக்க, பல வாத்தியங்கள் முழங்க, ஆடுமகள் நடந்த முறுக்கேறிய கயிறு அங்கே இருக்கிறது. அதில் இப்போது ஒரு செம்முகக் குரங்குக் குட்டி தொங்கி ஆடுகிறது. அதைக் கண்ட குறவர் சிறுவர்கள் பாறை மேல் ஏறித் துள்ளித் தாளம் கொட்டுகிறார்கள்.

இந்தச் சிறு காட்சிக்குள் ஒரு கழைக்கூத்துக் குழுவின் முழு அமைப்பும் இருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம். கயிறு இருக்கிறது, வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், கயிற்றின் மேல் நடப்பவள் பெண். ஆட்டத்தைப் பார்த்த சிறுவர்கள் விளையாட்டில் அதைத் திருப்பிச் செய்ய முயல்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த அமைப்பில் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. குழலுக்குப் பதிலாக மேளம் வந்தது, கழைகளின் கட்டு சற்று வேறுபட்டது, அவ்வளவுதான். சங்கப் பாடலில் வரும் யாழ் நமக்கு இன்று இல்லை. அதை மீட்டெடுக்க எத்தனையோ அறிஞர்கள் உழைத்திருக்கிறார்கள், விபுலானந்த அடிகள் 'யாழ் நூல்' என்றே ஒரு பெருநூல் எழுதினார். அதே சங்கப் பாடலின் ஆடுமகள் நேற்றுவரை நம் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். அவளைப் பற்றி அப்படியொரு நூல் எழுதப்படவில்லை.

குறுந்தொகை அவர்களை 'ஆரியர்' என்று சொல்வதையும் கருத வேண்டும். அன்றே அவர்கள் வடக்கிலிருந்து வந்த அயலாராக எண்ணப்பட்டிருக்கிறார்கள். பின்னாளில் 'ஆரியக்கூத்து' என்ற சொல்லே கழைக்கூத்தைக் குறித்தது. ஆரியக்கூத்து ஆடினாலும் காரியத்தில் கண்ணாயிருக்கச் சொல்லும் பழமொழியை நாம் அன்றாடம் சொல்கிறோம். கயிற்றில் ஆடுகிறவன் கவனம் எவ்வளவு கூர்மையாக இருந்தாக வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தப் பழமொழி வேறு பொருளில் ஒலிக்கும். இன்னொரு பழமொழியும் உண்டு. கம்பத்தில் ஏறி எத்தனை வித்தை ஆடினாலும் சம்மானம் வாங்கக் கீழேதான் இறங்க வேண்டும் என்பது அது. முதல் பழமொழியை உண்டாக்கியவர்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், இரண்டாவதை உண்டாக்கியவர்கள் ஆடியவனின் கையை மட்டும் பார்த்தவர்கள் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

பத்தமடையிலும் சேரன்மகாதேவியிலும் வளர்ந்த எங்களில் சிலருக்கு அந்த ஆட்டம் அறுவடைக்குப் பிந்தைய நாட்களோடு சேர்ந்தது. பிசான அறுவடை முடிந்து களத்து மேடுகள் காலியாகிக் கிடக்கும். ஊருக்கு வெளியே புறம்போக்கில் கந்தல் கூடாரங்கள் இரண்டோ மூன்றோ முளைத்திருக்கும். மறுநாள் தெருமுனையில் மேளம் கேட்கும். இரு பக்கமும் கழைகளைக் கத்தரிக்கோல் போலக் குறுக்கே கட்டி நிறுத்துவார்கள். அவற்றின் மேலாகக் கயிற்றை ஓட்டி, இரு முனைகளையும் தரையில் அறைந்த முளைகளில் இழுத்துக் கட்டுவார்கள். கயிற்றின் விறைப்பைப் பார்ப்பது பெரும்பாலும் குடும்பத்தின் மூத்த பெண்மணி. காலால் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பாள், முளையை இன்னும் இரண்டு அடி அறையச் சொல்வாள். சிறுமி ஏறுவதற்கு முன்னே தகப்பன் மேளத்தை வைத்துக்கொண்டு வளையத்துக்குள் இருவர் நுழைந்து வெளிவருவது, தலைமுடியால் கல்லைத் தூக்குவது, பின்புறமாக வளைந்து தரையில் கிடக்கும் காசை வாயால் எடுப்பது என்று கூட்டம் சேரும்வரை ஓட்டுவான். பிறகுதான் கயிறு.

அந்தக் கயிற்று நடையின் வரிசை முறையை நினைவுபடுத்திக்கொண்டால் அதில் ஒரு பாடத்திட்டம் இருப்பது தெரியும். முதலில் கையில் குறுக்குக் கழையோடு வெறுங்காலில் நடை. அடுத்து அதே நடை பின்னோக்கி. பிறகு தலையில் செம்பு, செம்பின் மேல் செம்பு. பிறகு காலில் செருப்பு. பிறகு ஒரு தட்டின் மேல் முழங்காலை ஊன்றி நகர்தல். கடைசியாக ஒரு சைக்கிள் சக்கரத்தின் வெறும் வளையத்தைக் கயிற்றின் மேல் வைத்து அதைக் காலால் உருட்டிக்கொண்டு போவது. ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையில் பெற்ற சமநிலையிலிருந்து ஒன்றைப் பறிக்கிறது. முதலில் கண்ணின் உதவி போகிறது, அடுத்துத் தலையை அசைக்கும் உரிமை போகிறது, பிறகு பாதத்தின் தொடுவுணர்வு போகிறது. இதை வகுத்தவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் வகுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. தகப்பனின் மேளமும் வெறும் ஆரவாரத்துக்கு அடிக்கப்படுவதில்லை. சிறுமியின் அடிக்கும் மேளத்தின் அடிக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. அவள் தடுமாறும்போது தாளம் நிதானப்படும், அவள் நடுக்கயிற்றைக் கடந்ததும் விரையும். கண்ணை ஏறிட்டுப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கும் குழந்தையோடு தகப்பன் மேளத்தின் வழியே பேசிக்கொண்டிருந்தான் என்று இப்போது புரிகிறது.

இப்படியொரு கல்வி முறை பத்தமடைக்கு அயலானதும் அன்று. கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றி, பாவுக்குள் ஒவ்வொரு இழையாகக் கோத்து முடையும் பாயும் குடும்பத்துக்குள் கற்பிக்கப்படுவதுதான். லெப்பைக் குடும்பங்களின் பெண்கள் அதைத் தாயின் அருகில் அமர்ந்து கற்றார்கள். பட்டுப்போல் மடியும் பாய்க்குத் தேவையான நூலிழை போன்ற கோரையைக் கீறும் கை, நடுவயதில் திடீரென்று பயின்று வருவது அரிது. அந்தப் பாய் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். மணமக்களின் பெயரை நெய்த பாய்கள் கடல் கடந்து போகின்றன. நெய்பவர்களின் கூலி அந்தப் புகழுக்கு ஏற்றதாக இல்லை என்பது வேறு வழக்கு, அதைத் தனியே எழுத வேண்டும். இங்கே நாங்கள் சொல்ல வருவது, பாய்க்கு ஒரு வரலாறு கிடைத்ததற்குக் காரணம் பாய் முடைந்து முடித்த பிறகும் பாய் இருக்கிறது என்பதே. கண்காட்சியில் வைக்கலாம், அருங்காட்சியகத்தில் தொங்கவிடலாம், விருந்தினருக்குப் பரிசளிக்கலாம். கழைக்கூத்து முடிந்தால் முளையறைந்த இரண்டு குழிகள்தான் மிஞ்சும். மறுநாள் அதுவும் மூடிவிடும்.

உடலைப் பயிற்றும் கலைக்கு மதிப்பில்லாத ஊர் என்றும் பத்தமடையைச் சொல்ல முடியாது. 1887இல் இங்கே பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணியாற்றி, பின் ரிஷிகேசம் சென்று துறவியான சுவாமி சிவானந்தரின் வழியில் ஆசனப் பயிற்சி உலகெங்கும் பரவியது. அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தா கனடாவில் மையம் அமைத்தார். 2015 முதல் ஜூன் 21ஆம் நாள் உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒரு விரிப்பின் மேல் முதுகைப் பின்னுக்கு வளைத்தால் அது யோகம் என்றும், தெருப்புழுதியில் அதே வளைவை ஒரு தொம்பர் வீட்டுப் பெண் செய்தால் அது வித்தை என்றும் பெயர் பெறுகிறது. யோகத்தின் நோக்கம் வேறு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் முதுகெலும்புக்கு அந்த வேற்றுமை தெரியாது. பாய் முடையும் ஊரின் தெருவில், அந்தக் கயிற்றுக்குக் கீழே ஒரு கோரைப்பாயைக்கூட யாரும் விரித்ததில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது.

அந்த மக்களைப் பற்றி எழுத்தில் பதிவே இல்லையா என்றால் இருக்கிறது. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் தொம்மரா என்ற தலைப்பு உண்டு. தெலுங்கு பேசும் நாடோடிக் கழைக்கூத்தாடிகள் என்று அது அவர்களைச் சுட்டுகிறது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் விரிவுபடுத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, ஊர் ஊராகத் திரிவதே ஐயத்துக்குரிய செயலாயிற்று. தமிழகத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது, நாடு முழுவதும் 1952இல் ஒழிந்தது. ஆனால் தமிழ்நாட்டுச் சீர்மரபினர் பட்டியலில் தொம்மர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஆக, அரசின் ஏடுகள் இவர்களைச் சாதியாக எழுதின, குற்றவாளிகளாக எழுதின, பின்பு சலுகைக்கு உரியவர்களாக எழுதின. கலைஞர்களாக எழுத மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஊர்விட்டு ஊர் போவதே தொழிலின் அடிப்படையாக உள்ள ஒரு குழுவுக்கு, போகும் இடமெல்லாம் காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டும் என்ற நிலை என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

எழுத்தாளர்களும் இதில் பெரிதாக வேறுபட்டுவிடவில்லை. இங்கே ஓர் ஆங்கிலக் கட்டுரையை நினைவுகூர விரும்புகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குச் சென்ற இந்திய வித்தைக்காரர்களுள் புகழ்பெற்றவர் ராமோ சாமி. இராமசாமி என்ற நம் பக்கத்துப் பெயர் ஆங்கில நாவில் அப்படியாயிற்று. பந்துகளை எறிந்து பிடிப்பதிலும் வாளை விழுங்குவதிலும் வல்லவரான அவர் அமெரிக்காவுக்கும் சென்று ஆடியவர். 1821இல் வெளியான 'டேபிள் டாக்' தொகுதியில் வில்லியம் ஹாஸ்லிட் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நான்கு பித்தளைப் பந்துகள் காற்றில் சுழல்வதைப் பார்த்து அவர் வெட்கப்படுகிறார். இவ்வளவு பிழையில்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியமாவது என்னிடம் உண்டா, என் கட்டுரைகள் எவ்வளவு குறைபட்டவை என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். எழுதுகிற எவருக்கும் அந்தப் பக்கங்கள் உறுத்தும்.

ஆனால் அடுத்து அவர் தருக்கம் வேறு பக்கம் திரும்புகிறது. உடலின் திறன் பிழையற்றதாக இருக்கலாம், எனினும் அது பொறியின் இயக்கத்தைப் போன்றது, உலகில் நிலைத்த மாற்றம் எதையும் விட்டுச் செல்லாதது, ஆகவே அது மேதைமை ஆகாது என்கிறார். கட்டுரையின் இறுதியில் கவானா என்ற பந்தாட்ட வீரர் ஒருவருக்கு அருமையான அஞ்சலி எழுதி, அவர் பெயரை இலக்கியத்தில் நிலைநிறுத்திவிடுகிறார். எந்த வித்தைக்காரனைப் பார்த்து இத்தனையும் தோன்றியதோ அவனுடைய பெயர் கட்டுரையில் இல்லை. அது ராமோ சாமியாகவே இருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள்தாம் கருதினார்கள். 1850இல் ராமோ சாமி லண்டனில் இறந்தபோது அடக்கச் செலவுக்காக அவர் மனைவி பத்திரிகை வழியே உதவி கேட்க நேர்ந்தது. எதையும் விட்டுச் செல்லாத கலை என்று ஹாஸ்லிட் சொன்னதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அது அடுத்த உடலில் தன்னை விட்டுச் செல்கிறது. தாய் நடந்த கயிற்றில் மகள் நடக்கிறாள். அந்தச் சங்கிலியில் எழுத்துக்கு இடம் இல்லாததால் எழுதுகிறவன் கண்ணுக்கு அது தெரியாமல் போகிறது.

சீனத்தைப் பாருங்கள். அங்கும் இது பழங்கலைதான். கி.பி. 78 முதல் 139 வரை வாழ்ந்த சாங் ஹெங் என்ற புலவர், தலைநகரின் கேளிக்கைகளை வருணிக்கும் தம் நெடும்பாட்டில் கயிற்றின் இரு முனைகளிலிருந்தும் நடந்துவந்து நடுவில் சந்திக்கும் ஆட்டக்காரர்களைக் காட்டுகிறார். நம் தொகைநூல்களின் காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கும் நெடுங்காலம் இது ஏழைக் குடும்பங்களின் தொழிலாகவே இருந்தது. ஹெபெய் மாகாணத்தின் வூச்சியாவோ வட்டாரத்துக் குடியானவர்கள் கழனி வேலை ஓய்ந்ததும் குடும்பத்தோடு வித்தை காட்டப் புறப்பட்டார்கள். மதிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

வட சீனத்தில் பிறந்து, உலக மேடைகளில் பேர் வாங்கிய லாங் டாக் சாமின் கதை அத்தகைய ஒரு குடும்பக் குழுவின் கதை. நியூயார்க்கின் பெரிய அரங்குகளில் ஆடிய அவர் ஓர் ஆஸ்திரியப் பெண்ணை மணந்துகொண்டார். அவருடைய மகள்களும் குழுவில் ஆடினார்கள். 1961இல் அவர் காலமானார், சில பத்தாண்டுகளில் மறக்கவும் பட்டார். அவருடைய கொள்ளுப்பேத்தி ஆன் மரீ ஃப்ளெமிங் கனடாவில் திரைப்படக் கலைஞர். பழைய சுவரொட்டிகளையும் நிழற்படங்களையும் உறவினர் வாய்மொழிகளையும் திரட்டி 2003இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் எங்களைக் கவர்ந்த பகுதி, லாங் டாக் சாம் எப்படி வித்தை கற்றார் என்பதற்கு ஒன்றுக்கொன்று முரணான பல கதைகள் கிடைப்பதும், எதையும் தள்ளிவிடாமல் எல்லாவற்றையும் அவர் படத்தில் சொல்வதும்தான். ஆட்டக்காரனின் வாழ்க்கை வரலாற்றில் கட்டுக்கதையும் ஆட்டத்தின் ஒரு பகுதி. நம் கழைக்கூத்தாடிக் குடும்பங்களில் ஒரு பேத்திக்குக் கேமரா கிடைத்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்ற எண்ணத்தை அந்தப் படம் கிளப்பிவிடுகிறது. அந்தப் பேத்திக்கு எழுத்தறிவே கிடைத்திருக்கவில்லை என்பது அடுத்துத் தோன்றும்.

சீன அரசு செய்தது வேறு. 1950இல், பிரதமர் சோ என்லாயின் முன்முயற்சியில், சிதறிக் கிடந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி ஒரு தேசியக் குழுவை அமைத்தார்கள். தெருவில் ஆடியவர்கள் சம்பளக்காரர்கள் ஆனார்கள். பின்னர் வூச்சியாவோவில் பள்ளி வந்தது. 1987இல் அந்த ஊரின் பெயரால் பன்னாட்டு விழா தொடங்கியது. 2006இல் நாட்டின் அருவக் கலைமரபுகளின் முதற்பட்டியலில் வூச்சியாவோவின் வித்தைக்கலை இடம்பெற்றது. இதைச் சொர்க்கமாகக் காட்டுவது எங்கள் நோக்கமன்று. அந்தப் பள்ளிகளில் இளம்பிள்ளைகள் படும் பாடு பற்றிக் கடுமையான விமரிசனங்கள் உண்டு. குடும்பக் குழு அரசுக் குழுவில் கரைந்தபோது ஒவ்வொரு குடும்பத்தின் தனித்தன்மையும் எவ்வளவோ கரைந்திருக்கும். எனினும் அந்தக் கலைக்குப் பாடநூல் உண்டு, பயிற்றுநர் உண்டு, கீழே மெத்தை உண்டு.

இந்தியாவில் இதற்கு மிக அருகில் வந்தது மலையாளக் கரைதான். 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே தொடங்கிய சர்க்கஸ் தலைச்சேரிக்கு வந்தபோது அதைக் கண்ட கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசான், 1901இல் சர்க்கஸ் கலைக்கென்றே ஒரு பள்ளியைத் திறந்தார். இந்திய சர்க்கஸின் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்தது. குடும்பத்துக்குள் அடைபட்டிருந்த வித்தையை வெளியாருக்கும் கற்றுத்தந்தது பெரிய சாதனை. ஆனால் அந்தக் கூடாரத்துக்குள் கழைக்கூத்தாடிக்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. நம் திரைப்படங்களும் 'பறக்கும் பாவை' முதல் 'அபூர்வ சகோதரர்கள்' வரை சர்க்கஸையே கொண்டாடின. அந்த சர்க்கஸும் இப்போது தளர்ந்துவிட்டது.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். குழந்தையை வைத்துப் பிழைக்கும் தொழில் ஒழிந்தால் நல்லதுதானே? ஆம், நல்லதுதான். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வலையும் மெத்தையும் இல்லாத கயிற்றில் ஆறு வயதுப் பிள்ளையை ஏற்றும் எந்த மரபும், எவ்வளவு தொன்மையானதாயினும், தொடரத் தகுந்தது அன்று. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்ய ஆணையிட்டது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம், விளையாட்டு முதலியவற்றில் நிபந்தனைகளோடு பங்கேற்கலாம் என்றும், சர்க்கஸில் கூடாது என்றும் விதி செய்தார்கள்.

அந்த விதியைப் படிக்கும்போது மட்டும் எங்களுக்குச் சற்று நெருடுகிறது. தொலைக்காட்சிப் போட்டியில் நள்ளிரவுவரை ஒப்பனையோடு நின்று, நடுவர்களின் வாய்ச்சொல்லுக்குக் கண்ணீர்விடும் குழந்தை கலைஞர். ஜிம்னாஸ்டிக் மண்டபத்தில் ஆறு வயதில் சேர்ந்து உடலை வளைக்கும் குழந்தை நாளைய பதக்கம். கயிற்றின் மேல் நடக்கும் குழந்தை மட்டும் மீட்கப்பட வேண்டியவள். ஆபத்து மூன்று இடத்திலும் ஒரே அளவானது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் முன்னிரண்டு இடங்களிலும் ஆபத்தைக் குறைத்துக் கலையை வைத்துக்கொள்ள வழி தேடப்பட்டது, மூன்றாவது இடத்தில் அப்படி யாரும் தேடவில்லை. மீட்கப்பட்ட சிறுமிக்குத் தன் தாய் கற்றுத்தந்தது ஓர் அறிவு என்று சொல்லித்தர யாருமில்லை. அது மறக்க வேண்டிய அவமானம் என்றே அவள் வகுப்பறையில் கற்றுக்கொள்கிறாள்.

வேறு வழி உண்டு என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மல்லர் கம்பம் ஒரு காலத்தில் மல்லர்களின் பயிற்சிக்கூடத்தோடு நின்றது. இன்று விழுப்புரத்தில் பள்ளிப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, கம்பத்திலும் தொங்கும் கயிற்றிலும் முறையான பயிற்றுநர்களிடம் அதைப் பயில்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் மல்லர் கம்பம் ஒரு போட்டி. கல்யாண ஊர்வலத்திலும் கோயில் கொடையிலும் சுழன்ற சிலம்பம் அங்கே காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கம்பும் கம்பமும் ஏறிய படியில் கயிறு ஏற முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை, அதை வைத்திருந்தவர்கள் யார் என்பதைத் தவிர.

தாழ்வான கயிறு, கீழே மெத்தை, இடுப்பில் பாதுகாப்பு வார், பள்ளி முடிந்த மாலையில் ஒரு மணி நேரம். எந்தச் சாதிப் பிள்ளையும் வரலாம். கற்றுத்தருபவர்கள் மட்டும் அந்தக் குடும்பங்களின் பெரியவர்களாக இருக்கட்டும், அரசு ஊதியத்தோடு. சாலையோரத்தில் இறங்கித் தட்டேந்திய கைகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடட்டும். இது நடக்கக்கூடிய காரியம்தான்.

இது அரசின் வேலை என்றால், இலக்கியம் படிக்கிற நம்முடைய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. கயிற்றில் நடந்த பெண்களில் பலர் இன்று ஐம்பது அறுபது வயதைக் கடந்தவர்கள். பாசிமணியோ பிளாஸ்டிக் குடமோ விற்றுக்கொண்டு சந்தைகளில் இருக்கிறார்கள். முளையை எவ்வளவு ஆழம் அறைவது, மழை ஈரத்தில் கயிறு எப்படி மாறும், எந்த வயதில் முதல் அடி வைக்கச் செய்வார்கள், விழுந்தால் எப்படி விழச் சொல்லித்தருவார்கள், நடுக்கயிற்றில் தகப்பனின் மேளம் என்ன சொன்னது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வீட்டுத் தெலுங்கில் இவற்றுக்கெல்லாம் சொற்கள் இருக்கும். நற்றிணை 95க்கு உரை எழுதியவர்கள் எவரும் இந்தக் கேள்விகளை அவர்களிடம் கேட்டதில்லை. எங்கள் குழுவில் இருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு தாமிரபரணிக் கரையின் சந்தைகளுக்குப் போவதாக இருக்கிறோம். தெலுங்கு அறிந்த நண்பர்கள் எவரேனும் உடன் வருவதானால் எழுதுங்கள்.